இன்லைன் பம்ப் போடறதுக்கு முன்ன டேங்கிக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க

செந்தூல் தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: புரோட்டோன் வீராவுல ஹாஃப் கட் (ஜப்பான்ல இருந்து பாதியா வெட்டி வர்ற கார்) 4ஜி93 டர்போ இன்ஜின் போட்டிருக்கேன், பூஸ்ட் (டர்போ தள்ற காத்தழுத்தம்) 1 பார், கெந்திங் ஏறும்போது 5500 ஆர்பிஎம் தாண்டுனா ஏஎஃப்ஆர் மீட்டர் (பெட்ரோல் ஒரு பங்குக்குக் காத்து எத்தன பங்குன்னு காட்டறது) 13.5 காட்டுது, போஷ் 044 இன்லைன் பம்ப் (டேங்கிக்கு வெளிய பெட்ரோல் லைன்ல மாட்டறது) ஒன்னு கூட மாட்டுனா சரியாயிரும்னு பொமேன் (மெக்கானிக்) சொல்றாரு, மாட்டலாமா?

தம்பி, முதல்ல அந்தக் கார மிதிக்கிறத நிறுத்துங்க. ஃபுல் பூஸ்ட்ல 11.5, 12 கிட்ட நிக்க வேண்டியது 13.5ன்னா எண்ணெய், அதாவது பெட்ரோல், பத்தலைன்னு அர்த்தம், இப்படியே நாலு தடவ மலை ஏறுனா பிஸ்டன் உருகிரும்.

இன்ஜின மாத்துனீங்க சரி, டேங்கிக்குள்ள இருக்கற பம்ப்ப மாத்துனீங்களா? முக்காவாசி பேரு மாத்தறதில்ல, டர்போ இல்லாத இன்ஜினுக்குக் கம்பெனி வச்ச பம்ப் அப்படியே கிடக்கும். பூஸ்ட் ஏற ஏற ரெகுலேட்டரும் பெட்ரோல் பிரஷர ஏத்தும், 3 பார் இருந்தது 1 பார் பூஸ்ட்ல 4 ஆகணும், ஆனா பிரஷர் கூடக்கூட பம்ப் தள்ற அளவு குறைஞ்சிக்கிட்டே போகும். அதனால ஃபியூல் ரயில்ல (இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் குடுக்கற குழாய்) ஒரு பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்க, பூஸ்ட்ல 4க்கு ஏறாம 3.2லயே நின்னா பம்ப், ஃபில்டர், வயர், ரெகுலேட்டர் இதுல ஒன்னாத்தான் பெரும்பாலும் இருக்கும். பம்ப் கிட்டயே வோல்ட்டும் பாருங்க. 13.5 வர வேண்டிய இடத்துல 11.5 வந்தா பம்ப் மேல பழி போடாதீங்க, பேட்டரில இருந்து நேரா 4 ஸ்குவேர் மில்லிமீட்டர் வயர், ரிலே, ஃபியூஸ் போட்டு பழைய பம்ப் வயர ரிலேக்கு சிக்னலா குடுங்க.

இப்ப இன்லைன் பம்ப். இது தள்றதுல சிங்கம், உறிஞ்சறதுல பூனை. முன்னாடி இருக்கற சின்ன பம்ப் குடுக்கறதவிட அதிகமா இழுக்கப் பாத்தா, செண்டோல் பாக்கெட்ல ஸ்ட்ராவ வேகமா உறிஞ்சுனா ஸ்ட்ரா ஒட்டிக்குமே அதே கததான், லைன்ல பிரஷர் விழுந்து எண்ணெய் குமிழ் விட ஆரம்பிச்சிரும், நம்ம ஊரு வெயில்ல சூடான எண்ணெய்னா இன்னும் சீக்கிரம். என் பழைய சாத்ரியாவுல இந்தத் தப்ப நானே பண்ணிருக்கேன், காராக் ஹைவேல ஜாம், டேங்கி கால்வாசி, பின்னாடி கொசு மாதிரி ங்ங்ங்ன்னு ஒரு சத்தம், அப்புறம் மிதிச்சா வண்டி போகவே இல்ல.

உங்க 1 பாருக்கு டேங்கிக்குள்ள ஒரு மணிக்கு 255 லிட்டர் பம்ப் ஒன்னே தாராளம். மாத்துனதும் சும்மா ஓடறப்ப பிரஷர் 3ஐ தாண்டுதான்னு பாருங்க, ரிட்டர்ன் பைப் சின்னதா இருந்தா தாண்டும்.

பிற்பாடு பெரிய டர்போ வேணும்னா 044 போடுங்க, ஆனா சர்ஜ் டேங்க்கோட (இன்லைன் பம்ப்புக்குன்னு பெட்ரோல் சேத்து வைக்கற சின்ன டேங்கி). டேங்கி பம்ப் அத நிரப்பிக்கிட்டே இருக்கணும், 044 அதுக்குக் கீழ உக்காரணும், பம்ப்புக்கு முன்ன 100 மைக்ரான் ஃபில்டர், பின்ன 10 மைக்ரான், மாத்திப் போட்டா பம்ப் மூச்சுத் திணறும். ஓஸ் இஎஃப்ஐ ஓஸா (பிரஷர் தாங்கற பெட்ரோல் ஓஸ்) இருக்கட்டும், சாதா ரப்பர் வேணாம். பூஸ்ட் வந்தா மட்டும் ரெண்டாவது பம்ப் ஓடற சுவிட்ச் ஐடியா எனக்குப் பிடிக்காது, அந்த சுவிட்ச் ஒரு தடவ வேலை செய்யலைன்னா இன்ஜின் போச்சு. இன்னொன்னு, 044 டூப்ளிகேட் நிறைய சுத்துது, பாதி விலைக்குக் கிடைச்சா சந்தேகப்படுங்க.

கேஜும் வோல்ட்டும் எவ்ளோ காட்டுச்சுன்னு எழுதுங்க, அதுவரைக்கும் பூஸ்ட 0.5க்கு இறக்கி வையுங்க.