குதிகால் வலிக்கான ஆய்வில் சேரலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. திருச்சியில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை செய்கிறேன். எட்டு மாதமாகக் குதிகால் வலி. காலையில் முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துவது போல இருக்கிறது. சொந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளாஸ்மாவை ஊசியாகப் போடும் ஆய்வில் சேருமாறு எலும்பு மருத்துவர் சொல்கிறார். பாதிப் பேருக்கு உப்புநீர் ஊசிதானாம். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். "உன்னைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்கிறார் நாத்தனார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் நாத்தனாரின் அச்சம் அக்கறையில் பிறந்தது, ஆயினும் உப்புநீர் ஊசி உங்களை ஏமாற்றுவதற்கானது அன்று. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை செல்லும் தடித்த திசுப்பட்டை, நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு நைந்துபோவதால் உண்டாகும் இந்த வலி, தசைநீட்சிப் பயிற்சியாலும் பொருத்தமான காலணியாலும் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தணிந்துவிடுகிறது. எனவே எல்லோருக்கும் பிளாஸ்மாவையே செலுத்தினால், குணமானது ஊசியாலா நாள்போக்கிலா என்று எவராலும் சொல்ல இயலாது. பாதிப் பேருக்கு உப்புநீர்தான் என்று முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்பதை நான் நல்ல அறிகுறியாகவே கருதுகிறேன்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. உப்புநீர் பெறுவோருக்கும் பயிற்சியும் காலணி ஆலோசனையும் கிடைக்குமா, ஆய்வு முடிந்தபின் விரும்பினால் அவர்களுக்கும் பிளாஸ்மா ஊசி போடப்படுமா, இடையில் வலி மிகுந்தால் எந்த மாத்திரை எடுக்கலாம் என்பவற்றைத் தெளிவாகக் கேளுங்கள். இந்த ஊசி போடும் நாட்களில் சில வலி மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். சர்க்கரை நோயை மறைக்கவே கூடாது. அந்த நோயால் நரம்பு பாதிக்கப்பட்டாலும் பாதத்தில் எரிச்சலும் வலியும் வரும் என்பதால், உங்கள் வலி திசுப்பட்டையினுடையதுதான் என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துச் சென்று கணவருடனும் நாத்தனாருடனும் படியுங்கள். ஆய்வில் சேருவோரின் நலனைக் காக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், 2007 முதல் இயங்கிவரும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த எண்ணைக் கொண்டு எவரும் இணையத்தில் கட்டணமின்றி ஆய்வின் விவரத்தைப் படிக்கலாம். ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட பிறகும் காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் அந்த மருத்துவமனையில் உங்களுக்குரிய வழக்கமான சிகிச்சை தடைபடக் கூடாது. இவற்றுக்கு நேரான விடை கிடைத்தால் சேருங்கள் என்பதே என் கருத்து. "முதலில் கையெழுத்துப் போடுங்கள், பிறகு சொல்கிறோம்" என்றால் வேண்டாம்.

சேர்ந்தாலும் சேராவிட்டாலும், கடையில் உட்கார நாற்காலி கேளுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது.