"அக்கா எப்ப வருவா?" என்று தினமும் கேட்கும் மகன்

அக்கா இறந்து 2 மாதமாகியும் ஆட்டிசம் உள்ள உங்கள் 9 வயது மகன் அழவே இல்லை, தினமும் அவள் செருப்பை நேராக்கி வைத்துவிட்டு "எப்ப வருவா?" என்று மட்டும் கேட்கிறான் என எழுதியிருந்தீர்கள். பாசம் இல்லையோ என்று பயப்படாதீர்கள், சகோதரி. செருப்பை நேராக்குவதே அவன் அழுவது மாதிரிதான்.

"தூங்குறா", "சாமிகிட்ட போயிருக்கா" என்று சொல்லியிருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். தூங்கினவள் எழுந்திருக்கணுமே! அப்புறம் அவனே தூங்கப் பயப்படலாம். நேராக இப்படிச் சொல்லுங்கள்: "அக்கா இறந்துட்டா. அவ உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு. இனி வரமாட்டா. நீ எதுவும் செஞ்சதால இல்ல." நூறாவது முறை கேட்டாலும் இதே வார்த்தைகள். உங்களுக்கு வலிக்கும், தெரியும். ஆனால் பதில் மாறவில்லையே என்றுதான் பெரும்பாலும் அவன் சரிபார்க்கிறான். அவள் படங்களை ஒட்டி, இதையே நாலு பக்கக் கதையாகக் கொடுத்தால் அவனே புரட்டிக்கொள்வான்.

செருப்பை ஒளிக்காதீர்கள், எடுக்க வேண்டி வந்தால் முன்பே நாள் சொல்லிவிடுங்கள். சாப்பாடு, குளியல், பள்ளி நேரம் மாற வேண்டாம்.

தன்னையே அடித்துக்கொண்டால், சாப்பிட மறுத்தால், ஆட்டிசம் தெரிந்த குழந்தை மனநல மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

அவன் முன்னால் நீங்கள் அழலாம். "அக்கா நினைப்பு வந்துச்சு, அதான் அழறேன்" என்று காரணத்தை மட்டும் சொல்லிவிடுங்கள்.