ஆப்பிரிக்க சஃபாரிக்குப் போனால் சிங்கம், சிறுத்தை அல்லாமல் எந்தெந்தத் தாவர உண்ணிகளைப் பார்க்கலாம்?

வரிக்குதிரை, மான் வகைகளான வில்டபீஸ்ட், தாம்சன் கசெல், இம்பாலா, டோபி, அப்புறம் ஒட்டகச்சிவிங்கி, யானை, காட்டெருமை, நீர்யானை, இரண்டு வகைக் காண்டாமிருகம், ஜெரனுக், டிக்-டிக். கென்யாவையும் தான்சானியாவையும் மனத்தில் வைத்துத்தான் இந்தப் பட்டியலைச் சொல்கிறேன். எனக்குப் பழக்கமான காடுகள் அவைதான். இடங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே பயணத்தில் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம்.

ஆனால் பட்டியலோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. சஃபாரிக்குப் போகிறவர்களில் பலர் சிங்கத்தைத் தேடியே நாளைக் கழிக்கிறார்கள். சிங்கமோ நாளில் 20 மணி நேரம் வரை படுத்துக் கிடக்கும். அந்த நேரமெல்லாம் வண்டியின் இரு பக்கமும் உயிரோட்டமாக ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது. அதை நடத்துபவை புல்லையும் இலையையும் தின்பவை. அவற்றை ரசிக்க என்னிடம் ஒரே ஒரு யோசனை உண்டு: எந்த விலங்கைப் பார்த்தாலும் முதலில் அதன் வாயைப் பாருங்கள். என்ன தின்கிறது, எந்த உயரத்தில் தின்கிறது, எப்படிக் கடிக்கிறது என்று கவனியுங்கள். இத்தனை வகை விலங்குகள் ஒரே வெளியில் எப்படிப் பிழைக்கின்றன என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

தான்சானியாவின் செரங்கெட்டிப் புல்வெளியிலிருந்து தொடங்குகிறேன். அங்கே சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்களும் அவற்றோடு லட்சக்கணக்கில் வரிக்குதிரைகளும் கசெல்களும் மழையைப் பின்தொடர்ந்து ஆண்டு முழுவதும் சுற்றி வருகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் கலந்து மேய்வது போலத் தெரியும். தொலைநோக்கியை எடுத்துப் பாருங்கள். வரிக்குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பற்கள் உண்டு. உயரமான, முற்றிய புல் தண்டை அது கத்தரித்துத் தின்னும். அதற்கு அசைபோடும் வயிறு கிடையாது. நார் செரிப்பது பின்குடலில். சத்து குறைந்த தீவனமானாலும் நிறையத் தின்று வேகமாக வெளியேற்றிப் பிழைத்துக்கொள்ளும். வில்டபீஸ்டுக்கு நம் மாட்டைப் போலவே மேல் வெட்டுப்பற்கள் இல்லை, கெட்டியான ஈறுதான். வாய் அகலம். வரிக்குதிரை மேல்தண்டைக் களைந்த இடத்தில் தெரியும் இலைப்பகுதியை அது வாரித் தின்று, பிறகு படுத்து அசைபோடும். கசெலுக்கோ வாய் சிறிது, கூர்மை. தரையோடு ஒட்டி முளைக்கும் தளிரையும் சிறு செடிகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கும்.

வில்டபீஸ்ட் கூட்டம் கடந்துபோன இடத்தில் புல் அழிந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். 1976இல் மெக்நாட்டன் என்ற சூழலியலாளர் வேறொன்றை எழுதினார். கூட்டம் மேய்ந்துவிட்டுப் போன இடத்தில் புல் அடர்த்தியாகத் துளிர்க்கிறது. சில வாரங்கள் கழித்து வரும் கசெல்கள் மேயாத நிலத்தை விட்டுவிட்டு அந்தத் துளிரைத் தேடித்தான் போகின்றன. எல்லா ஆண்டும் எல்லா இடத்திலும் இந்த வரிசை பிசகாமல் நடக்கும் என்று எண்ண வேண்டாம். மழை எங்கே பெய்கிறது என்பதைப் பொறுத்துக் கலைந்தும் போகும். ஆனால் நடக்கும்போது அதைக் கண்ணாரப் பார்க்கலாம்.

வில்டபீஸ்ட்களுக்காகவே போவதானால் ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா நதிக்கரையில் காத்திருப்பதுதான் வழக்கம். முதலைகளுக்கு நடுவே அவை ஆற்றைக் கடப்பதைத்தான் எல்லா ஒளிப்படங்களிலும் பார்த்திருப்பீர்கள். என் தேர்வு அதுவல்ல. பிப்ரவரியில் செரங்கெட்டியின் தெற்கே, நிடுட்டு பக்கம் போங்கள். மூன்று வாரம் போல ஒரு காலத்துக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறப்பது அங்கேதான். கன்று விழுந்த சில நிமிடங்களில் எழுந்துவிடும். முதல் முயற்சியில் முன்கால் மடங்கும், மறு முயற்சியில் பின்கால் வழுக்கும், அடுத்து நான்கும் நிலைக்கும். உடம்பின் ஈரம் காயும் முன்பே அது தாயின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே வந்து ஈனுவதற்குக் காரணம் மண். ஒல்டோய்ன்யோ லெங்காய் போன்ற எரிமலைகளின் சாம்பல் படிந்த நிலம் அது. குட்டையாக வளரும் அந்தப் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் மிகுதி. பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டியவை அவைதான். புல் குட்டையாக இருப்பதால் கழுதைப்புலி எங்கிருந்து வந்தாலும் தெரியும் என்பது கூடுதல் வசதி.

இந்த 13 லட்சம் என்ற எண்ணிக்கையின் கதையையும் சொல்ல வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அங்கே இருந்தவை சுமார் இரண்டரை லட்சம்தான். நம் கிராமங்களில் வெக்கை நோய் என்று சொல்வார்களே, மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற அதே நோய் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கால்நடைகளோடு ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து வில்டபீஸ்டையும் காட்டெருமையையும் அடக்கி வைத்திருந்தது. யாரும் காட்டு விலங்குகளுக்கு ஊசி போடவில்லை. சுற்றுவட்டாரத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். காட்டுக்குள் நோய் தானாக மறைந்தது. 1977க்குள் வில்டபீஸ்ட் 13 லட்சத்தைத் தொட்டது. அவ்வளவு வாய்கள் மேய்ந்ததில் காய்ந்த புல் குறைந்தது, காட்டுத்தீ குறைந்தது, வேலமரக் கன்றுகள் தப்பிப் பிழைத்து மரங்களாயின. 2011இல் அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. புல் தின்னும் ஒரு விலங்கு பெருகியதால் ஒரு நிலத்தில் மரங்கள் பெருகின என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அடுத்து ஒட்டகச்சிவிங்கி. இதைத் தேடிப் போக வேண்டியதில்லை, தானே தெரியும். எட்டத்தில் நிற்பது ஆணா பெண்ணா என்று தின்னும் விதத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆண் கழுத்தை முழுதாக நீட்டி மர உச்சியைத் தேடும்; பெண் கழுத்தைத் தாழ்த்தித் தன் தோள் உயரத்திலேயே தின்னும். கிட்டே வந்தால் நாக்கைப் பாருங்கள். கருநீல நிறம், ஒரு முழ நீளம். விரல்நீள முட்களுக்கு நடுவே அதை நுழைத்து, கொப்பைச் சுற்றி வளைத்து, தலையைப் பின்னுக்கு இழுத்து இலைகளை உருவி எடுக்கும்.

கென்யாவின் லைக்கிபியா பீடபூமியில் துப்பாக்கி ஏந்திய வனக்காவலரோடு நடந்துபோக அனுமதிக்கும் பகுதிகள் உண்டு. அங்கே கரிசல் மண்ணில் ஒருவகைக் குட்டை வேலமரம் காடாக நிற்கிறது. முள்ளின் அடி, கோலிக்குண்டைவிடப் பெரிதாக, கறுத்து உப்பியிருக்கும். அதில் எறும்பு துளைத்த ஓட்டை. காற்று அடித்தால் அந்த ஓட்டைகளில் சீழ்க்கை ஒலி எழும். எங்களோடு வந்த காவலர் ஒரு கொப்பை இலேசாகத் தட்டிக் காட்டினார். மூச்சு விடும் நேரத்தில் வாலைத் தூக்கிய எறும்புகள் கிளை முழுவதும் பரவிவிட்டன. ஒட்டகச்சிவிங்கி இந்த மரத்தில் கொஞ்ச நேரம் தின்றுவிட்டு எறும்பு முகத்தில் ஏறியதும் அடுத்த மரத்துக்குப் போவது அதனால்தான். எந்த மரமும் மொட்டையாவதில்லை.

அதே லைக்கிபியாவில் பெரிய தாவர உண்ணிகள் நுழையாதபடி பத்தாண்டுகள் வேலியிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். 2008இல் முடிவு வெளியானது. கடிக்க ஆள் இல்லாததால் மரங்கள் எறும்புக்குக் கொடுக்கும் தேனையும் உப்பிய முட்களையும் குறைத்துக்கொண்டன. காவல் எறும்பு தளர்ந்தது, மரத்தைத் துளைக்கும் வண்டு புகுந்தது, பாதுகாப்பாக விடப்பட்ட மரங்கள் மெதுவாக வளர்ந்தன, அதிகமாகச் செத்தன. இலையைத் தின்பவர் இல்லாமல் போனதே அந்த மரத்துக்குக் கேடாயிற்று.

அந்த நடையில்தான் கருங்காண்டாமிருகத்தின் வேலையையும் பார்த்தேன். விலங்கு அகப்படவில்லை. ஆனால் ஒரு புதரில் குச்சிகள் எல்லாம் கத்தரிக்கோலால் சாய்வாக நறுக்கியது போல வெட்டுப்பட்டிருந்தன. யானை தின்ற கொப்பு நார் நாராகக் கிழிந்திருக்கும், இது அப்படியில்லை. சாணத்தை உதைத்துப் பார்த்தாலும் அதே சாய்வு வெட்டோடு குச்சித் துண்டுகள் கிடக்கின்றன. கருங்காண்டாமிருகத்தின் மேலுதடு கூர்ந்து வளைந்தது, கொப்பைப் பற்றி இழுப்பதற்கு. வெள்ளைக் காண்டாமிருகத்தின் உதடு சதுரமாக அகன்றது, புல்லை வழிப்பதற்கு. நிறத்தை வைத்துப் பிரித்தறிய முயல வேண்டாம், இரண்டும் சாம்பல் நிறம்தான். தலை தரையோடு தாழ்ந்திருந்தால் வெள்ளை, நிமிர்ந்திருந்தால் கறுப்பு. கருங்காண்டாமிருகத்துக்குத் தான்சானியாவின் இங்கோராங்கோரோ எரிமலைப் பள்ளமும் இரண்டுக்கும் கென்யாவின் நகுரு ஏரியும் நல்ல இடங்கள். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண், சூடான் என்ற பெயருடையது, 2018 மார்ச்சில் கென்யாவின் ஓல் பெஜேட்டா காப்பகத்தில் இறந்தது. அதன் மகளும் பேத்தியும் மட்டும் அங்கே வாழ்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். இவை கண்முன் மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்ப்பது மனத்தை அழுத்தும் அனுபவம்தான், ஆனாலும் பார்க்க வேண்டும்.

யானையை நாம் முதுமலையிலேயே பார்த்திருக்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். கென்யாவின் அம்போசெலிக்குப் போய்விட்டுச் சொல்லட்டும். ஆப்பிரிக்க யானையின் தும்பிக்கை நுனியில் இரண்டு விரல்கள், நம் யானைக்கு ஒன்று. ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. கிளிமஞ்சாரோவின் நீர் நிலத்தடியில் வந்து ஊறும் சதுப்பில் இடுப்பளவு இறங்கிப் புல்லைப் பிடுங்கி, வேரில் ஒட்டிய சேற்றை உதறிவிட்டு வாயில் வைக்கும். காய்ந்த தரையில் மேய்ந்தால் முன்கால் நகத்தால் புல் முடிச்சை உதைத்துப் பெயர்த்து, பிறகு தும்பிக்கையால் திரட்டும். கால் ஒரு வேலை, தும்பிக்கை ஒரு வேலை என்று அந்த ஒழுங்கு பார்க்கப் பார்க்கச் சலிக்காது. சிந்தியா மோஸ் 1972 முதல் இந்த யானைகளைக் குடும்பம் குடும்பமாக அடையாளம் கண்டு பின்தொடர்ந்த இடம் இது. ஆகவே மனிதரைக் கண்டு மிரளாத மந்தைகள்.

கென்யாவின் வடக்கே சம்புரு வறண்ட பூமி. அங்குள்ள சிலவற்றைத் தெற்கே பார்ப்பது அரிது. ஜெரனுக் என்ற நீண்ட கழுத்து மான் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களால் கொப்பைத் தாழ்த்திக்கொண்டு இலை தின்னும். தண்ணீர் குடிக்காமலேயே வாழ்ந்துவிடும். கிரேவி வரிக்குதிரைக்கு நெருக்கமான மெல்லிய கோடுகள், வட்டமான பெரிய காதுகள், வெள்ளை வயிறு. உலகில் காட்டில் எஞ்சியிருப்பவை சுமார் 3,000, பெரும்பகுதி கென்யாவில். தலைக்கு மேல் இரு ஈட்டிகள் போலக் கொம்பு நீண்ட ஓரிக்ஸும் அங்கே உண்டு.

டிக்-டிக்கைத் தவறவிடாதீர்கள். முயலைவிடச் சற்றே பெரிது, ஐந்து கிலோ தேறும். எப்போதும் ஜோடியாகவே இருக்கும். ஒன்றைப் பார்த்தால் பக்கத்துப் புதரில் மற்றொன்றைத் தேடுங்கள். கண்ணுக்கு முன்னால் கறுப்பாக ஒரு பிளவு தெரியும், அது சுரப்பி. ஒரு குச்சியின் நுனியைக் கண்ணில் குத்திக்கொள்வது போல அந்தப் பிளவுக்குள் மெதுவாக விட்டு எடுக்கும். நுனியில் தார்போல ஒரு கறுப்புத் துளி ஒட்டியிருக்கும். தன் எல்லையைச் சொல்ல அது வைக்கும் அடையாளம் அது.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இம்பாலா மழைக்காலத்தில் புல்லும் கோடையில் இலையும் தின்னும். கீழ்ப்பற்களைச் சீப்பாக்கி ஒன்றின் கழுத்தை ஒன்று கோதி உண்ணி எடுக்கும். டோபி கறையான் புற்றின் மேல் ஏறி நிற்கும். காட்டுப்பன்றி இனமான வார்தாக் முன்காலை மடித்து முட்டிபோட்டு மேயும். காட்டெருமை எங்கும் உண்டு. நீர்யானை பகலெல்லாம் தண்ணீரில் கிடந்து இரவில் ஏறிப் புல் மேயும் என்பதால், விடியற்காலையில் ஆற்றோரம் போனால்தான் அது நிலத்தில் நடப்பதைப் பார்க்க வாய்ப்பு.

ஒரே இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் பிப்ரவரியில் நிடுட்டு; அந்த மாதம் அமையாவிட்டால் சம்புரு. வண்டியைப் பங்கிட்டுக்கொள்பவர்கள் சிங்கம் சிங்கம் என்று அவசரப்படுத்தினால் எதையும் நின்று பார்க்க முடியாது. ஆகவே ஒத்த மனமுள்ளவர்களோடு போங்கள். ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், மேய்கிற கூட்டத்துக்குப் பக்கத்தில் இன்ஜினை அணைத்து அரைமணி நேரம் நிற்க வேண்டுமென்று. ஆளுக்கொரு தொலைநோக்கி கட்டாயம். கென்யா போய்விட்டு இந்தியா திரும்ப மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம்.