மருத்துவம் படிக்கப் படிக்க இரக்கம் குறைகிறதா?

பலருக்குக் குறைகிறது, கல்நெஞ்சு காரணமல்ல. பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றாம் ஆண்டில்தான் பரிவு சரிகிறது என்றது. மாணவர்கள் நோயாளிகளோடு முழுநேரமும் பழகத் தொடங்கும் ஆண்டு அது! (அவர்களே நிரப்பிய வினாத்தாளை வைத்துச் சொன்ன முடிவு என்பதையும் மறக்கக்கூடாது.)

காரணத்தை வடசென்னையின் எந்த அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம். காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூரிலிருந்து வந்தவர்கள் காலையிலேயே புறநோயாளிச் சீட்டோடு வரிசையில் நிற்பார்கள். இரவுப் பணி முடித்தும் வீடு திரும்பாத பயிற்சி மருத்துவர், வலையிழுத்துக் காய்த்துப்போன கையில் நரம்பு தேடிக்கொண்டிருப்பார். "சாப்பிட்டீர்களா ஐயா?" என்று கேட்கவும் நேரம் இருக்காது. மூத்தவர்கள் நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணால் அழைத்தால், இளையவர்களும் அதையே பழகிக்கொள்கிறார்கள்.

இந்தியாவின் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் அறநெறியையும் நோயாளியிடம் பேசும் முறையையும் பாடமாகச் சேர்த்தது நல்லது. ஆனால் தூங்க விடாமல் பரிவை மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம்.