லூசியானாவின் ஓக் ஆலி மாளிகையின் வரலாறு என்ன? அங்கே எதைத் தவறாமல் பார்க்க வேண்டும்?

அமெரிக்கத் தென்பகுதியில், நியூ ஆர்லியன்ஸுக்கு மேற்கே மிசிசிப்பி ஆற்றை ஒட்டியிருக்கும் கரும்புத் தோட்ட மாளிகை இது. ஆற்றுப் பக்கத்திலிருந்து வாசல்வரை இரு வரிசையாக நிற்கும் 28 ஓக் மரங்களால் இப்பெயர் பெற்றது. மரங்கள் மாளிகையைவிட மூத்தவை. மாளிகையோ, தோட்ட முதலாளி ஜாக் ரோமனுக்காக 1837 முதல் 1839 வரை, அவர் அடிமைகளாக வைத்திருந்த மக்களின் உழைப்பில் எழுந்தது.

நான் சென்றிருந்தபோது, மற்றவர்களைப் போலவே மர நிழலில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். ஆனால் என் மனத்தில் இன்றும் நிற்பவர், அக்காலத்தில் அங்கே அடிமையாக இருந்த அந்துவான் என்னும் தோட்டக்காரர்.

வால்நட் போன்ற கொட்டையைத் தரும் பீக்கான் மரத்தை விதையிலிருந்து வளர்த்தால் தாய் மரத்தின் குணம் அப்படியே வராது. ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்கு இது புதிதல்ல. கையாலேயே உடைக்கக்கூடிய மெல்லிய ஓடுள்ள ஒரு பீக்கான் மரத்தின் கொம்புகளைக் கொண்டு ஒட்டுக்கட்ட முயன்ற மருத்துவர் ஒருவர் தோற்றுப்போக, அவை ஓக் ஆலிக்கு வந்து சேர்ந்தன. 1846-47 குளிர்காலத்தில் அந்துவான் 16 மரங்களில் ஒட்டுக்கட்டி வெற்றி கண்டார். பீக்கான் வேளாண்மை ஒரு பெருந்தொழிலாக வளர்ந்ததற்கு அடித்தளமிட்டது அந்தக் கைகள்தான். ஆனால் 1848இல் ரோமன் காசநோயால் இறந்தபின் எழுதப்பட்ட சொத்துப் பட்டியலில், அந்துவான் 38 வயதுத் தோட்டக்காரர், பீக்கான் ஒட்டுக்கட்டுவதில் வல்லவர், விலை 1,000 டாலர் என்று மற்ற உடைமைகளோடு ஓர் உடைமையாகவே குறிக்கப்பட்டிருக்கிறார். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த, அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சியில் அந்த வகைக் கொட்டை பரிசு பெற்றது. அதற்குச் 'சென்டென்னியல்' என்று கண்காட்சியின் பெயரைத்தான் வைத்தார்கள். ஓக் ஆலியில் இருந்த அந்தப் பீக்கான் மரங்களையோ, பிற்பாடு கரும்புக்காக வெட்டிவிட்டார்கள்.

உள்நாட்டுப் போருக்குப் பின் தோட்டம் கைமாறியது. பாழடைந்து கிடந்த மாளிகையை 1925இல் வாங்கிச் சீரமைத்தவர்கள் ஆண்ட்ரூ, ஜோசபின் ஸ்டூவர்ட் தம்பதியர். 1972இல் ஜோசபின் இறந்தபின் அது அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது.

மாளிகைக்குப் பின்னால், அடிமைகள் வாழ்ந்த குடிசைகளைத் திரும்பக் கட்டி, அங்கே அடிமைப்பட்டிருந்தவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். ஓக் மரங்களைப் பார்ப்பதற்கு முன்பே அங்கே சென்று, அந்தப் பெயர்களை நின்று நிதானமாகப் படியுங்கள்.