ஹெட் கேஸ்கெட் மாற்றிய பிறகு செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் பம்பை மாற்றிப் பார்க்கலாமா?

பம்பை இப்போதைக்கு விடுங்கள். சாவியையும் கொஞ்ச நேரம் விடுங்கள். டைமிங் (பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று ஒத்து அசையும் நேரம்) தப்பியிருந்தால், செல்ஃப் அடிக்க அடிக்க பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வில் இடித்து வளைத்துவிடும். டைமிங் சரியாகவே இருந்தாலும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு போகும், பேட்டரியும் இறங்கிவிடும்.

கேஸ்கெட் போகும் வரை ஓடிக்கொண்டிருந்த வண்டி, அந்த கேஸ்கெட்டுக்கு மேலே உட்காரும் இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி ஏற்றியாயிற்று, டைமிங் பெல்ட்டும் புதிது என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெட்டைக் கழற்றியதற்கும் டேங்குக்குள் இருக்கிற பம்புக்கும் சம்பந்தமே இல்லை. வேலைக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் கை பட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். புது பார்ட்ஸ் வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

டைமிங்கிலிருந்தே ஆரம்பிப்பேன், ஏனென்றால் அதிக சேதம் அதில்தான். செல்ஃப் அடித்தபோது வந்த சத்தத்தை நினைத்துப் பாருங்கள். நல்ல இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது செல்ஃப் லேசாகத் திணறும், அதனால் சத்தம் விட்டு விட்டு வரும். எந்தத் தடையும் இல்லாமல் வழக்கத்தைவிட வேகமாக ‘விர்ர்’ என்று சுற்றினால் கம்ப்ரெஷன் இல்லை என்று அர்த்தம். எப்படி இருந்தாலும் பெல்ட் கவரைத் திறந்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு சுற்று. அதன் பிறகும் மேனுவலில் சொன்ன மார்க்குகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். பெல்ட் போடும்போது சரியாக இருந்த மார்க், பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரை விட்டதும் ஒரு பல் நகர்ந்துவிடுவது சாதாரணமாக நடக்கும். நடுவில் எங்கேயாவது கெட்டியாக இடித்தால் அதோடு நிறுத்துங்கள், பலம் காட்ட வேண்டாம்.

மார்க் சரியாக இருக்கிறதா? சரி, இனி வயர்கள். ஹெட் வேலையில் அடிக்கடி மறந்துபோவது எர்த் வயர். ஹெட்டின் பின்பக்கமோ காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியிலோ ஒரே போல்ட்டில் இரண்டு மூன்று வயர் சேர்ந்திருக்கும். மேலே ஹோஸ் எல்லாம் வந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. செல்ஃபுக்கு வேறு எர்த் இருப்பதால் அது ஜோராகச் சுற்றும். ஆனால் இக்னிஷன் காயிலுக்கோ ஈசியூவுக்கோ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) எர்த் கிடைக்காமல் பிளக்கில் பொறி வராது.

அடுத்து கப்ளர்கள், அதாவது வயர்களைச் சென்சார்களோடு இணைக்கும் கனெக்டர்கள். பார்வைக்கு மாட்டினது போலவே இருக்கும், லாக் விழுந்திருக்காது. ஒவ்வொன்றையும் கழற்றி, பின் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள். கிராங்க் சென்சார் கப்ளர்தான் முக்கியமானது. அதிலிருந்து சிக்னல் போகாவிட்டால் பெரும்பாலான வண்டிகளில் பொறியும் வராது, பெட்ரோலும் தெளிக்காது. ஹெட்டில் இருக்கிற கூலன்ட் சென்சாரையும் விடாதீர்கள். அது மாட்டப்படாமல் இருந்தால் சில ஈசியூக்கள் இன்ஜின் உறைபனியில் கிடக்கிறது என்று நினைத்து பெட்ரோலை அள்ளி ஊற்றும், பிளக் நனைந்துவிடும்.

ஈசியூவிலிருந்து தகவல் படிக்கும் ஒரு சாதாரண ஸ்கேனர் கிடைத்தால் இந்தத் தேடலில் பாதி மிச்சம். மார்க் சரி என்று தெரிந்த பிறகு, செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பாருங்கள். நூற்றைம்பது, இருநூறு என்று காட்டினால் கிராங்க் சென்சார் உயிரோடு இருக்கிறது. பூஜ்யத்திலேயே நின்றால் அந்த கப்ளருக்கே திரும்பிப் போங்கள். கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 என்று காட்டினால் அந்த சென்சார் வயர் அறுந்தோ மாட்டப்படாமலோ கிடக்கிறது. பி0016 என்ற கோட் வந்தால் கிராங்கும் கேமும் பொருந்தவில்லை என்று பொருள், மறுபடி பெல்ட்டைப் பார்க்க வேண்டும். சாவியை ஆன் செய்தும் செக் இன்ஜின் விளக்கே எரியவில்லையா? ஈசியூவுக்குக் கரண்ட் வருகிறதா என்று ஃப்யூஸையும் மெயின் ரிலேயையும் பாருங்கள்.

பம்ப் சந்தேகம் இன்னும் போகவில்லை என்றால் அதைச் சோதித்துப் பார்க்கக் காசு செலவாகாது. சாவியை ஆன் செய்ததும் பின் சீட் பக்கம் ஓரிரண்டு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கிறதா என்று கவனியுங்கள். பல வண்டிகளில் கேட்கும்.

இதுவரை நிறைய செல்ஃப் அடித்திருப்பீர்கள், பிளக் நனைந்திருக்க வாய்ப்பு அதிகம். துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். அப்புறம் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு சில நொடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்படி மிதித்தால் பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும். ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் செல்ஃப் மோட்டார் ஆறட்டும்.

இத்தனைக்குப் பிறகும் எடுக்கவில்லை என்றால் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பாருங்கள். எல்லா சிலிண்டரும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் டைமிங்தான் முதல் சந்தேகம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டில் மட்டும் குறைந்திருந்தால் கேஸ்கெட் அந்த இடத்தில் உட்காரவில்லை, ஹெட்டை மறுபடி இறக்க வேண்டியதுதான். அளவுகளையும் ஸ்கேனர் காட்டுகிற ஆர்பிஎம்மையும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.