மூடியைக் கிளப்பும் ஆவி

கேள்வி: இரண்டு கேலக்ஸிகள் கலக்கும்போது வாயு வெளியே பீறிட்டுப் பாய்கிறதாமே, மோதுகிற வேகத்தில்தானே சார்?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேனம்மா. மோதல் வாயுவை நெரிக்கும், வால் போல நீட்டும். கொதித்துப் பாய வைப்பது வேறு ஆள்.

சுமார் 7 கோடி ஒளியாண்டு தள்ளி, ஆன்டெனா கேலக்ஸிகள் என்று ஒரு ஜோடி கலந்துகொண்டிருக்கிறது. அங்கே நட்சத்திரங்கள் முட்டிக்கொள்வதில்லை, இடைவெளி அவ்வளவு. முட்டுவது வாயு. அது கட்டிதட்டிக் கொத்துக் கொத்தாக நட்சத்திரம் பிறக்கிறது. 1997-ல் வெளியான ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிப் படத்தில் இளம் கொத்துகள் ஆயிரத்துக்கு மேல்! நமக்குப் பக்கத்து நட்சத்திரமே 4.2 ஒளியாண்டு தள்ளி. பெரிய கொத்திலோ சில பத்து ஒளியாண்டு அகலத்துக்குள் லட்சக்கணக்கில்.

அதில் கனமான நட்சத்திரங்கள்தான் வில்லங்கம். அவற்றின் ஒளியே தூசியைத் தள்ளும். அவற்றின் மேற்பரப்பிலிருந்து கிளம்பும் காற்றின் வேகம் வினாடிக்கு 2,000 கிலோமீட்டர். முப்பது லட்சம் ஆண்டு தாண்டியதும் ஒவ்வொன்றாக வெடிக்கவும் தொடங்கும். இதெல்லாம் சேர்ந்து சுற்றியுள்ள வாயுவில் ஒரு சூட்டுக் குமிழியை ஊதும். நட்சத்திரம் தனியாக இருந்தால் அந்தக் குமிழி ஆறி அடங்கிவிடும். நெருக்கத்தில் ஆறுவதற்குள் அடுத்த குமிழி வந்து சேர்ந்துகொள்கிறது.

அப்பா குந்தா பக்கம் தைலம் காய்ச்சினார். அண்டாவில் இலையை மிதித்து அடைத்து, மூடிச் சந்தில் களிமண் பூசுவோம். அடுப்பு பிடித்ததும் ஆவி கெட்டியான இடத்தோடு மல்லுக்கட்டாது. மண் வெடித்த கீறலாகப் பார்த்து உஸ்ஸென்று கிளம்பும். ஈர மண்ணோடு ஓடிப்போய் அப்புவது என் வேலை. மணிக்கட்டுத் தழும்பு இன்னும் இருக்கிறது.

எம்82 என்ற கேலக்ஸியிலும் அதே கதைதான். 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவு. கலக்கவில்லை, பக்கத்துக் கேலக்ஸியான எம்81-ன் உரசல் மட்டும். எம்82 தட்டு மாதிரி வடிவம். தட்டு நெடுக வாயு அடர்த்தி, மேலும் கீழும் மெலிசு. அதனால் வாயு தட்டுக்குச் செங்குத்தாக, இரு பக்கமும் ஆயிரக்கணக்கான ஒளியாண்டுக்குச் செக்கச்செவேல் என்று பாய்கிறது.

போனதெல்லாம் போயே விடாது. கனமான கேலக்ஸி என்றால் ஒரு பங்கு ஆறித் திரும்ப விழும். அடுத்த கொத்துக்கு அதுவும் சரக்கு. சின்னக் கேலக்ஸியில் தப்பிப்பது சுலபம்.

மே மாதம், ராத்திரி 9 மணிக்கு, மேகம் வழிவிட்டால் தெற்கே அண்ணாந்து பாருங்கள். பஞ்சாங்கத்து அஸ்தம் சாய்ந்த சதுரமாக நிற்கும். ஆன்டெனா ஜோடி அதற்குச் சற்று மேற்கே. வெறுங்கண்ணுக்கு எட்டாது, 8 அங்குலத் தொலைநோக்கி கிடைத்தால் மங்கலாக ஒரு புகைத் திட்டு தெரியும்.